புது 4கே டிவியில் 'அபட் எலிமெண்டரி' மெகா சீரியல் மாதிரி தெரிகிறது, எதை மாற்ற வேண்டும்?

தண்டையார்பேட்டை_டீச்சர்மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மா மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எடுத்தார். அவருக்குப் பிடிக்கும் என்று 'அபட் எலிமெண்டரி' தொடரை என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. பணம் கிடையாது, பொருள் கிடையாது, கேட்டால் மேலிடத்திலிருந்து பதிலும் கிடையாது. டாக்குமெண்டரி எடுக்க ஒரு குழு பள்ளிக்குள் வந்து டீச்சர்கள் பின்னாலேயே சுற்றுகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். நடுநடுவே ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசுவார்கள்.

அம்மா இரண்டு எபிசோடிலேயே ஒன்றிவிட்டார். பார்பரா ஹோவர்டு என்ற மூத்த டீச்சர் வந்தால் போதும், கையில் இருக்கும் கீரையைக் கீழே வைத்துவிடுவார். லேப்டாப்பில் அவருக்குக் கண் வலிக்கிறது என்பதால் 43 இஞ்ச் 4கே டிவி வாங்கினோம். பிராட்பேண்டோடு கொடுத்த செட்டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ வயரில் இணைத்துப் பார்க்கிறோம்.

இப்போது பிரச்சினை. ஆட்கள் நடப்பது வழுக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது. கேமரா சட்டென்று ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பும்போது தலையைச் சுற்றி ஏதோ நெளிகிறது. முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் பளபள. பள்ளி வராந்தாக் காட்சிகளில் வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறது. "லேப்டாப்புல நிஜ ஸ்கூல் மாதிரி இருந்துச்சு, இதுல செட்டு போட்ட மாதிரி இருக்கே" என்று அம்மா சொல்கிறார். அவர் சொல்வது சரி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கட்டிலிலிருந்து டிவி மாட்டிய சுவர் ஏழடி இருக்கும். கட்டிலை முன்னால் இழுத்தால் சமையலறைக் கதவு திறக்காது, ஆகவே தூரத்தை மாற்ற முடியாது. டிவியில் எதை மாற்றினால் சரியாகும்? அப்புறம், எனக்கு வருவது நிஜமான 4கே தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

மூலக்கடை_டிவிசர்வீஸ்:

மேடம், முதலில் பாக்ஸைக் கழற்றி வையுங்கள். டிவிக்குள்ளேயே ஆப் இருந்தால் அதில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

காரணம் இதுதான். நம் ஊர் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது நொடிக்கு 50 படம். பல செட்டாப் பாக்ஸ்கள் எதைப் போட்டாலும் 50-லேயே டிவிக்கு அனுப்பும். நீங்கள் பார்க்கும் தொடரோ நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். 24-ஐ இரண்டிரண்டு தடவை காட்டினால் 48 ஆகும். மீதி இரண்டை நிரப்ப ஏதாவது இரண்டு பிரேமைக் கூடுதலாக நிறுத்திக் காட்ட வேண்டும். நொடிக்கு நொடி அந்த இடத்தில் ஒரு சின்ன இடறல் வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது உற்றுப் பாருங்கள், நன்றாகத் தெரியும். பாக்ஸ் செட்டிங்கில் பிரேம் ரேட் மேட்ச் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிவியின் சொந்த ஆப்தான் நல்லது.

4கே வருகிறதா என்பதற்கு: தொடரின் முகப்புப் பக்கத்தில் 4கே அல்லது யூஹெச்டி என்ற அடையாளம் இருக்க வேண்டும். உங்கள் சந்தாத் திட்டமும் அதை அனுமதிக்க வேண்டும். படம் ஓடும்போது ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் சில டிவிகள் உள்ளே வரும் அளவைக் காட்டும். 3840 x 2160 என்றால் 4கே, 1920 x 1080 என்றால் ஃபுல் ஹெச்டி. பாக்ஸ் வழியாக வந்தால் இதை அப்படியே நம்பக் கூடாது, எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கி 2160 என்றே அனுப்பும் பாக்ஸ்களும் உண்டு. பாக்ஸ், டிவியின் ஹெச்டிஎம்ஐ துளை இரண்டுக்கும் ஹெச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்புப் பூட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஓடிடிகள் 4கே கொடுக்காது. சில டிவிகளில் எல்லாத் துளையும் ஒரே தரத்தில் இருக்காது, ஒன்றிரண்டுதான் முழு 4கே வாங்கும். துளைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள்.

நம் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கும், கடல் காற்று வேறு. ஸ்டெபிலைசர் வைத்துவிடுங்கள். டிவியைச் சுவரோடு ஒட்டாமல் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு மாட்டினால் போர்டு நாள்பட வரும்.

---

ராயபுரம்_கேமரா:

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ராயபுரம், வண்ணாரப்பேட்டை மண்டபங்களில் தோளில் கேமராவோடுதான் என் பொழுது போகும். இந்தத் தொடரைக் கதைக்காகப் பார்த்ததைவிட கேமராவுக்காகத்தான் அதிகம் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் அம்மாவின் கண் சரியாகப் பிடித்திருக்கிறது. இந்த மாதிரித் தொடரில் கேமராவும் ஒரு கதாபாத்திரம். அதைப் பிடித்திருக்கும் ஆள் அந்த வகுப்பறையில் நிற்கிறான் என்று நாம் நம்ப வேண்டும். யாராவது பொய் சொன்னால் கேமரா மெல்ல ஜூம் போய் அவர் முகத்தில் நிற்கும். தலைமை ஆசிரியை ஆவா ஏதாவது உளறினால் சடாரென்று திரும்பி டீச்சர் கிரெகரியின் முகத்துக்குப் போகும், அவர் ஒரு வார்த்தை பேசாமல் லென்ஸைப் பார்ப்பார். இரண்டு பேர் ரகசியம் பேசினால் கேமரா வாசலுக்கு வெளியே, கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நீள லென்ஸில் எடுக்கும். பாதிக் காட்சியைக் கதவே மறைத்திருக்கும். ஒவ்வொன்றும் யோசித்து வைத்த இடம். முதல் எபிசோடை இயக்கிய ராண்டல் ஐன்ஹார்ன் அதற்கு முன் இதே டாக்குமெண்டரி பாணியில் வந்த 'தி ஆபீஸ்' தொடரில் ஒளிப்பதிவு செய்தவர், அதற்கும் முன்னால் 'சர்வைவர்' ரியாலிட்டி ஷோவில் கேமரா தூக்கி ஓடியவர். நிஜமாக நடப்பதைத் துரத்திப் பிடித்துப் பழகிய கை அது. ஃபோகஸ் ஒரு கணம் தவறிப் பிறகு பிடிப்பதுகூட அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது. மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் ஐயர் திடீரென்று குறுக்கே வந்தால் என் கை எப்படித் திரும்புமோ, அப்படியேதான் இவர்களும் திரும்புகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது உங்கள் டிவி என்ன செய்கிறது என்று பாருங்கள். நொடிக்கு 24 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் வழக்கமாக 1/48 நொடி திறந்திருக்கும். கேமரா சட்டென்று திரும்பினால் அந்த நேரத்துக்குள் படம் கொஞ்சம் இழுபட்டுக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் 'ஒரு ஆள் திரும்பினான்' என்று நமக்குச் சொல்கிறது. டிவியோ இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமைத் தானாகக் கற்பனை செய்து சொருகுகிறது. நிதானமான காட்சியில் வழுவழுவென்று இருக்கும். வேகமாகத் திரும்பும்போது அதற்குக் கணக்குப் பிடிபடாது, தலையைச் சுற்றி நெளிகிறது என்றீர்களே, அதுதான் இது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் டிவியில் எந்தப் பேரில் இருந்தாலும் முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள். குறைத்து வைத்தால் போதாது.

அடுத்தது பிக்சர் மோட். கடையில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு நடுவில் கண்ணைப் பறிக்க விவிட் மோடில் வைத்திருப்பார்கள், பல டிவிகள் வீட்டுக்கும் அப்படியே வந்துவிடும். சினிமா அல்லது மூவி என்று மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைப் போட்டுவிடுங்கள். யூஹெச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2019-ல் அறிவித்தது. ஒரே பட்டனில் இந்த மோஷன் சொருகல், நாய்ஸ் ரிடக்ஷன், செயற்கைக் கூர்மை எல்லாம் போய்விடும். முகத்தில் மெழுகு மாதிரி தெரிவது நாய்ஸ் ரிடக்ஷன் வேலைதான். தோலில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளையும் சுருக்கத்தையும் அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. பார்பராவாக நடிக்கும் ஷெரில் லீ ரால்ஃப் கண்ணோரச் சுருக்கத்தை வைத்தே பாதி நடிப்பை முடிக்கிறவர். 2022-ல் சிறந்த துணை நடிகைக்கு எம்மி வாங்கியவர் முகத்தை டிவி துடைத்து வைத்தால் எப்படி?

மோட் மாற்றியதும் படம் மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். உடனே பழையபடி மாற்றிவிடாதீர்கள். ஒரு முழு எபிசோட் ஓடட்டும், கண் பழகிவிடும். அதற்கப்புறம் விவிட் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் நீலம் பாரித்திருப்பது உங்களுக்கே தெரியும்.

வராந்தா வெளிச்சம் ஏறி இறங்குவதற்கு எனர்ஜி சேவிங், லைட் சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். பிறகு இரண்டாவது எபிசோடைப் போட்டுச் சோதியுங்கள். அதன் பெயரே 'லைட் பல்ப்'. வராந்தாவில் விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும், ஜனீன் டீச்சர் தானே சரி செய்யப் போய் மின்சாரமே போய்விடும். விளக்கு சிமிட்டும்போது விளக்கு மட்டும் சிமிட்ட வேண்டும். திரை முழுவதும் சேர்ந்து மூச்சு வாங்கினால் இன்னும் ஏதோ ஒன்று ஆஃப் ஆகவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக 4கே. சாதாரணப் பார்வை உள்ளவர் 43 இஞ்ச் திரையை ஐந்தரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் ஃபுல் ஹெச்டியின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. ஏழடியில் 4கே-க்கும் ஃபுல் ஹெச்டிக்கும் புள்ளிக் கணக்கில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் இந்தத் தொடர் முதலில் வருகிற ஏபிசி சேனல் ஒளிபரப்புவதே ஃபுல் ஹெச்டிக்கும் குறைவான 720-ல்தான். ஆகவே 4கே அடையாளம் இல்லையே என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

---

வியாசர்பாடி_மாநகராட்சிபள்ளி:

கேமரா சார் சொன்னதில் கடைசி விஷயத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் இன்றைக்கும் வகுப்பெடுக்கிற டீச்சர். இந்தத் தொடரில் ஆட்கள் பேசுவதில் பாதிக் கதை, மீதிக் கதை சுவரில் இருக்கிறது. அதைப் படிக்கத் துல்லியம் வேண்டும்.

ஒரு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் டீச்சரின் சம்பளத்திலிருந்து போனது. சார்ட், ஸ்கெட்ச் பென், செல்லோ டேப், கொடி கட்டும் கயிறு, எதுவுமே தானாக வருவதில்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அட்டை, படம், எழுத்துக் கொடி என்று இன்னும் சேர்ந்துவிட்டது. ஓர் அறைக்குள் நுழைந்தால் சுவரைப் பார்த்தே அந்த டீச்சர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லிவிடுவேன். எது குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கிறது, எது அதிகாரி வந்தால் பார்ப்பதற்காக உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். அபட்டில் ஜனீனின் அறையைக் காட்டும்போதெல்லாம் நான் நிறுத்தி நிறுத்திச் சுவரைப் பார்ப்பேன். மங்கலாக இருந்தால் அது வெறும் கலர் கலராகப் போய்விடும். என்னைப் போன்ற பார்வையாளருக்கு அது பெரிய இழப்பு.

டீச்சர்மகளுக்கு இன்னொரு செய்தி. இந்தத் தொடரை உருவாக்கி ஜனீனாகவும் நடிக்கும் குவின்டா பிரன்சனும் டீச்சர் மகள்தான். அவர் அம்மா ஃபிலடெல்ஃபியாவில் மழலையர் வகுப்பு எடுத்தவர். பிரன்சனுக்கு ஆறாம் வகுப்பு எடுத்த டீச்சரின் பெயர் ஜாய்ஸ் அபட், அந்தப் பெயரைத்தான் பள்ளிக்கு வைத்தார். தொடர் தொடங்கியது 2021 டிசம்பரில். விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை டீச்சர்களுக்குப் பள்ளிப் பொருட்கள் வாங்கிக் கொடுக்கத் திருப்பிவிட்டதாக அவர் பேட்டியில் சொன்னார். அதைக் கேட்ட அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன்.

முதல் எபிசோடில் வகுப்பில் விரித்திருக்கும் கம்பளம் பாழாகிவிடும். புதுசு வாங்கப் பணம் கேட்டால், வந்த பணத்தில் ஆவா தன் படத்தைப் போட்டுப் பள்ளி வாசலுக்குப் பெயர்ப் பலகை செய்து வைத்திருப்பார். கடைசியில் மெலிஸா டீச்சர் தனக்குத் தெரிந்த ஆளை வைத்து ஃபுட்பால் மைதானத்திலிருந்து கம்பளங்களை வரவழைப்பார். இது அப்படியே எங்கள் கதை. எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாய் வந்தது முன்னாள் மாணவர் ஒருவர் மூலமாக. இப்போது லாரி ஓட்டுகிறார். மூன்று பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, அவரே முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்து போட்டார். குழந்தைகள் அதன்மேல் உருண்டதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். ஃபைலில் அந்தப் பாய்க்கு எந்தக் கணக்கும் கிடையாது. மெலிஸாவைப் போல ஒரு டீச்சர் இல்லாமல் எந்தப் பள்ளியும் ஓடாது.

---

ராயபுரம்_கேமரா:

டீச்சர், சுவரைப் படிக்க வேண்டும் என்பதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். கேமரா ஆளாக இருந்தும் நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் பின்னால் இருப்பதைப் பார்க்க ஆசை வருகிறது. தூரக் கணக்கு மட்டும் மாறாது. 55 இஞ்ச் என்றால் ஏழடி சரியாக எல்லையில் வரும், அதைவிடப் பெரிய திரையிலோ இன்னும் கிட்டப் போனாலோ 4கே வித்தியாசம் தெரியும். நிறுத்தி வைத்து எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு 43-லும் தெரியும்.

ஆனால் வேறொரு வழியில் உங்கள் பேச்சு சரிதான். கையில் பிடித்து ஆட்டி எடுத்த படத்தில் காட்சி முழுவதும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். அதைச் சுருக்கி இணையத்தில் அனுப்புவது கடினம், ஸ்டாண்டில் வைத்து எடுத்த படத்தைவிட டேட்டா நிறைய வேண்டும். டேட்டா போதாவிட்டால் முதலில் கரைந்து போவது இந்தச் சுவர் மாதிரிப் பின்னணிதான். முகத்தை ஓரளவு காப்பாற்றிவிடும். 4கே-க்கு ஓடிடிகள் அதிக டேட்டா அனுப்புவதால் ஏழடியிலும் பின்னணி கலங்காமல் நிற்கும். 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது, மற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படி வைத்துக்கொள்ளலாம். வைஃபை ரவுட்டர் அடுத்த அறையில் சுவருக்குப் பின்னால் இருந்தால் லேன் வயர் இழுத்துவிடுங்கள் அக்கா.

---

தண்டையார்பேட்டை_டீச்சர்மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. பாக்ஸை எடுத்துவிட்டு டிவியின் ஆப்பிலேயே போட்டேன், ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தது, மோஷன் ஆஃப், எனர்ஜி சேவிங் ஆஃப். இன்ஃபோ பட்டன் 1920 x 1080 என்றுதான் காட்டியது. அதனால் ஒன்றும் குறையவில்லை, படம் அடியோடு மாறிவிட்டது. அந்த நெளிசல் போயே போய்விட்டது. லைட் பல்ப் எபிசோடில் விளக்கு மட்டும்தான் சிமிட்டுகிறது.

அம்மாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை, சும்மா போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பார்பரா சத்தமே போடுறதில்ல பாரு, சத்தம் போடாம இருக்கத்தான் வருஷக்கணக்கா ஆகும்" என்றார். பிறகு வியாசர்பாடி டீச்சர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாயைத் தூக்கி வந்தவரைப் பற்றி இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அந்த டீச்சர் கிட்ட சொல்லு, முன்னாள் மாணவர் பேரை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல நன்கொடைன்னு எழுதி வெக்கச் சொல்லு, ஆடிட்ல கேப்பாங்க" என்கிறார். சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. சப்டைட்டில் அம்மாவுக்குச் சின்னதாக இருக்கிறது. அப்புறம், அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் போட்டுக் காட்டச் சொல்கிறார். கட்டிலைத் தவிர பிளாஸ்டிக் நாற்காலிகள் போட வேண்டும். ஓரமாக நின்று பார்த்தேன், படம் வெளிறித் தெரிகிறது. டிவியில் கோளாறா?

---

மூலக்கடை_டிவிசர்வீஸ்:

கோளாறு இல்லை மேடம். எல்சிடி திரையில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு, உங்களுடையது விஏ பேனலாக இருக்கும். நேராகப் பார்த்தால் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் வெளிறும். ஐபிஎஸ் பேனல் என்றால் ஓரத்திலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரியும். நாற்காலியை ஒரே வரிசையில் பரப்பாமல் கட்டிலுக்கு முன்னால் தரையில் பாய் விரித்து இரண்டு பேர், கட்டிலில் மூன்று பேர் என்று நடுவில் குவியுங்கள். டிவி உயரமாக மாட்டியிருந்தால் பாயில் உட்காருபவர்களுக்காகக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள், டில்ட் ஸ்டாண்டாக இருந்தால் கையாலேயே சாயும்.

சப்டைட்டில் அளவு ஆப்பின் செட்டிங்கில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் டிவியின் அக்சஸிபிலிட்டியில் கேப்ஷன் என்று தேடுங்கள். பெரிய எழுத்து, கறுப்புப் பின்னணி வையுங்கள்.

---

வியாசர்பாடி_மாநகராட்சிபள்ளி:

ரெஜிஸ்டரில் இன்றே எழுதிவிடுகிறேன், அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் எபிசோடிலிருந்தே போடுங்கள். டீச்சர்கள் கூட்டம் என்றால் கம்பளக் கதையில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள், நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடியும்.